நிசப்தச் சான்று

காலை ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. அதற்கு முன்பே விழித்திருந்தான். கை நீட்டி அணைத்தான். படுக்கையின் வலது பாதி கசங்கவில்லை. போர்வையை ஒரு பக்கம் மட்டும் இழுத்துவிட்டால் போதும். பல் தேய்த்தான். முகம் மழித்தான். வெந்நீரில் பஞ்சை நனைத்து இரண்டு காதையும் துடைத்தான், முதலில் வலது, பிறகு இடது. துடைத்த நேரத்தைச் சமையலறைச் சுவரில் தொங்கிய அட்டையில் குறித்துக் கையெழுத்திட்டான். 6.10. இரண்டு துண்டு ரொட்டி தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். 6.40 பேருந்து.

காது துடைப்பது அவனுடைய பணிவிதிகளில் நான்காவது. மாதக் கடைசியில் அந்த அட்டையை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மௌனப்பட மீட்பு நிலையத்தில் அவன் நிசப்தச் சரிபார்ப்பாளர். பதவியின் பெயர் நீளம் என்பதால் எல்லோரும் அவனைக் ‘காது’ என்றார்கள்.

வாயிலில் காவலர் அவனை மூன்று அடி நடக்கவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். அது அவருடைய பணிவிதி.

“இடது ஷூ முனகுது சார்,” என்றார் கிசுகிசுப்பாக. நிலையத்துக்குள் எல்லோரும் கிசுகிசுப்பாகத்தான் பேச வேண்டும். “எண்ணெய் விடுங்கன்னு நேத்தே சொன்னேன்.”

“விட்டேன்.”

“அப்ப அது ஷூ இல்ல. முட்டி.”

முட்டியைப் பற்றி விதியில் எதுவும் இல்லாததால் உள்ளே விட்டார்.

நிலையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரே ஒரு படத்தைத்தான் மீட்டுக்கொண்டிருந்தது. நூறு ஆண்டுக்கு முந்தைய பிரெஞ்சுப் படம். பேச்சு கிடையாது. ஒரு தபால்காரர் ஒரு கடிதத்தை ஏழு ஆண்டு தவறான வீடுகளுக்கே கொண்டுபோகிறார். இதை ஊமைப்படம் என்று சொன்னால் ஒரு நாள் சம்பளம் போகும். “ஊமை என்பது குறை. மௌனம் என்பது கொள்கை,” என்று இயக்குநர் சுற்றறிக்கை விட்டிருந்தார். இயக்குநர் என்றால் நிலையத்தின் இயக்குநர். படத்தை எடுத்த பிரெஞ்சுக்காரரையும் சிலர் இயக்குநர் என்று சொல்லிக் குழப்பியதால், அவரை இனிமேல் ‘படமெடுத்தவர்’ என்று மட்டுமே குறிப்பிட வேண்டும் என்று இன்னொரு சுற்றறிக்கை.

மக்கள் வீட்டில் போட்டுப் பார்க்கும் வட்டாக இதுவரை ஐந்து பதிப்புகள் வந்திருந்தன. முதலாவது, மீட்டெடுக்கப்பட்ட பதிப்பு. அதில் கீறல்களை நீக்கினார்கள். கீறல்களும் வரலாறுதான் என்று ஒரு பேராசிரியர் எழுதியதால் இரண்டாவது பதிப்பில் எல்லாக் கீறலையும் திரும்பச் சேர்த்தார்கள். கணக்கில் குறைந்த பதினான்கைப் புதிதாகக் கீறினார்கள். மூன்றாவது பதிப்பில் கீறலுடனா கீறலின்றியா என்று பார்ப்பவரே தேர்ந்துகொள்ளலாம். பார்ப்பவருக்குத் தேர்வு கொடுத்தால் நிலையம் எதற்கு என்று கேள்வி எழுந்ததால் நான்காவதில் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். நான்காவதன் பெயர் இறுதிப் பதிப்பு. ஐந்தாவது, திருத்திய இறுதிப் பதிப்பு. ஓட்டும் வேகம் நொடிக்குப் பதினெட்டுப் படமா இருபதா என்று இரண்டு கட்சி இருந்தது. வேகக் குழு மூன்று ஆண்டு கூடி, யாருமே கேட்காத பத்தொன்பதைத் தேர்ந்தெடுத்தது. இப்போது ஆறாவது. மெய் இறுதிப் பதிப்பு.

வட்டில் மூன்று ஒலித்தடங்கள் இருக்கும். பியானோ ஒன்று. வாத்தியக் குழு ஒன்று. மூன்றாவது, மௌனம். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பார்த்தால் அது வெறும் சத்தமின்மை. நிலையம் தருவது உயிருள்ள மௌனம். அதற்காக ஒலிப்பதிவு அறையில் ஆறு அதிகாரிகள் இரண்டு மணி எட்டு நிமிடம் அசையாமல் உட்கார்ந்தார்கள். அந்த மௌனத்தை நாடாவில் பதிவுசெய்தார்கள். நூறாவது நிமிடத்தில் ஒருவர் மயங்கி விழுந்ததால் மறுபடி முதலிலிருந்து. ஐந்தாம் பதிப்பின் மௌனம் தேய்ந்துவிட்டது என்பதால் இந்தப் புது மௌனம் இருபது நாளைக்கு முன்தான் பதிவாகியிருந்தது.

அதைக் கேட்டுச் சான்றளிப்பது காதின் வேலை. காதில் கேட்புக் கருவியை மாட்டிக்கொண்டு படம் முழுவதும் கேட்பான். பிறகு படிவத்தில் கையெழுத்திடுவான். படிவத்தில் இரண்டே வாக்கியம்: ‘முழுவதும் கேட்டேன். எதுவும் கேட்கவில்லை.’ இவை ஒன்றுக்கொன்று முரண் என்று தணிக்கையில் எழுதப்பட்டு, சொற்குழு நான்கு மாதம் ஆராய்ந்தது. கடைசியில் இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே இடைவெளியை மட்டும் கூட்டினார்கள்.

அன்று ஒன்பது மணிக்குக் கேட்பு அறைக்குள் போனான். மேற்பார்வை அம்மாள் வெளியே பூட்டினார். சின்னத் திரையில் தபால்காரர் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். காதில் அறையின் மௌனம் ஓடியது. சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய இரைச்சல். அது அவனுக்குப் பிடித்திருந்தது. எட்டு மாதமாக அவனுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

ஒரு மணி ஐம்பத்தொன்றாவது நிமிடம். தபால்காரர் ஒரு பாலத்தின் மேல் நின்று பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“சே, தூசி,” என்றாள் அவன் மனைவி. ஒரு சின்ன இருமல்.

அவன் கருவியைக் காதிலிருந்து பிய்த்து மேசையில் போட்டான். சுற்றிப் பார்த்தான். நான்கு சுவர், ஒரு நாற்காலி, பூட்டிய கதவு. திரையில் தபால்காரர் பாலத்தை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

அவள் இதே நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். படத்தின் நடுவே வரும் எழுத்து அட்டைகளைப் பிரெஞ்சிலிருந்து மாற்றியவள் அவள்தான். எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோனாள். கடைசி ஒன்பது நாள் வாயில் குழாய். அதற்கு முந்தைய நாள் என்ன சொன்னாள் என்று அவனுக்கு நினைவில்லை. ஏதோ சொல்லியிருப்பாள். இவன் ஏதோ ‘ம்’ கொட்டியிருப்பான். வீட்டில் புகைப்படங்கள் நிறைய இருந்தன. குரல் எதிலும் இல்லை.

சத்தம் கேட்டால் மேசையிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் நாடாவை எடுத்துக்கொண்டுபோய்ச் சுத்தம் செய்துவிடுவார்கள். அழுத்தாமல் கையெழுத்திட்டால் பொய்ச் சான்று. வேலை போகும், வழக்கு வரும். அவன் விரல் பொத்தானுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டான்.

கருவியைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். இன்னும் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாட்டவில்லை. இன்னொரு தரம் அவள் பேசினாலும் பயம், பேசாவிட்டாலும் பயம். மேசையில் குப்புறக் கிடந்த அதையே பார்த்துக்கொண்டு பதினேழு நிமிடம் உட்கார்ந்திருந்தான். படம் முடிந்தது. அந்த இயந்திரத்தில் பின்னோக்கி ஓட்ட வழியில்லை. மௌனத்தைப் பின்னோக்கி ஓட்டினால் அதன் தன்மை கெடும் என்று அந்தச் சக்கரத்தைக் கழற்றியிருந்தார்கள். கேட்டால் முதலிலிருந்துதான் கேட்க வேண்டும்.

படிவத்தை ‘பிறகு தருகிறேன்’ என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தான். அங்கே ஒலிப் பொறியாளர் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எதைப் பார்த்தாலும் முள் ஆடுகிறதா என்று தட்டிப் பார்ப்பவர், அதனால் மீட்டர்.

“புது மௌனத்துக்கு எந்த நாடா போட்டே?” என்றான் காது.

மீட்டர் தேநீர்க் கோப்பையைத் தட்டிப் பார்த்தார். “ஏன்?”

“சொல்லு.”

“புது நாடா வாங்க அனுமதி வரலப்பா. அலமாரியில பழசு ஒண்ணு கிடந்துச்சு. அழிச்சிட்டுப் போட்டேன்.”

“அதுல என்ன இருந்துச்சு?”

மீட்டர் கோப்பையைப் படியில் வைத்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி எழுத்து அட்டையெல்லாம் நேரம் பாக்கறதுக்காகப் படிச்சாங்களே. உங்க வீட்ல,” என்றார். “அந்த நாடா. ஐயோ, கேக்குதா?”

“கேக்குது.”

“ரெண்டு தரம் அழிச்சேன்ப்பா. சத்தியமா ரெண்டு தரம்.”

“என்னென்ன பேசினா அன்னைக்கு?”

“படிச்சாங்க. நடுநடுவுல என்னைத் திட்டினாங்க. எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?” மீட்டர் குரலை இன்னும் தாழ்த்தினார். “நீ பொத்தானை அழுத்தலையே?”

“அழுத்தல.”

“அப்ப உனக்கும் வேலை போச்சு, எனக்கும் போச்சு.”

“ஒரு பிரதி எடுத்துக் குடு.”

“காது, உனக்குப் பைத்தியமா? நிலையத்திலேருந்து சத்தத்தை வெளிய கொண்டுபோனா என்ன தண்டனைன்னு தெரியும்ல? மௌனத்தை வெளிய கொண்டுபோனாலே ஆறு மாசம். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. நீ ஒத்தையாள்.” சொன்னபிறகு மீட்டருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. “மன்னிச்சுக்க. வாய் தவறிடுச்சு.”

“பரவால்ல.”

மேற்பார்வை அம்மாள் படிக்குக் கீழே வந்து நின்றார். கையில் ஒரு நீளத் தாள். கேட்பு அறையில் ஓடும் ஒலியை ஒரு முள் தாளில் கோடாக வரைந்துகொண்டே இருக்கும் என்பதும், வழக்கமாக அதை யாரும் பார்ப்பதில்லை என்பதும் காதுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. நேர்கோடாக ஓடிய தாளில் ஒரு இடத்தில் கோடு சின்னதாகத் துள்ளியிருந்தது. அதோடு முள்ளில் மை தீர்ந்து, மிச்சத் தாள் வெறுமையாக இருந்தது.

“காது சார்,” என்றார் அவர். “இயக்குநர் ஐயா கூப்பிடறார். நாடா அவர் ரூமுக்குப் போயாச்சு.”

இயக்குநரின் அறையில் கணுக்கால் புதையும் கம்பளம். சுவரில் ஐந்து பதிப்புகளின் உறைகள், ஒவ்வொன்றிலும் தபால்காரரைவிடப் பெரிதாக இயக்குநரின் முன்னுரைப் படம். அவருக்கு இடப்பக்கம் பிரெஞ்சு வல்லுநர். ஆறு மாதம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர்; வந்து இருபது ஆண்டாகியும் தோளைக் குலுக்காமல் பேசமாட்டார். காது கதவருகில் நின்றான். முட்டி முனகியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“போடுங்க,” என்றார் இயக்குநர்.

மேற்பார்வை அம்மாள் அந்த ஒரு வினாடியை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டார். அவள் குரல் அறை முழுக்க வந்தது. “சே, தூசி.” காது சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னொரு தரம்,” என்றார் வல்லுநர். கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது கண்ணில் நீர். “சே தூ. ஐயா, இது பிரெஞ்சு.”

“என்ன அர்த்தம்?”

“‘அவ்வளவுதான்.’”

அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. அது விதிப்படியும் சரி.

“நூறு வருஷப் பழைய உச்சரிப்பு,” என்றார் வல்லுநர். “இப்ப பிரான்சுலயே யாரும் இவ்வளவு சுத்தமாச் சொல்றதில்ல. கடைசியில ‘சி’ன்னு ஒண்ணு வருது, கவனிச்சீங்களா? அது ‘ஆமாம்’. பிரெஞ்சுல யாராவது ‘இல்ல’ன்னு மறுத்தா மட்டும்தான் இந்த ‘ஆமாம்’ போடுவாங்க. அப்படின்னா இதுக்கு முன்னாடி யாரோ ‘இல்ல’ன்னு சொல்லியிருக்காங்க.”

“அது எங்கே?”

“தேடணும். ஒரு மணி ஐம்பத்தோரு நிமிஷம் மௌனம் இருக்கு. அதுல எங்கயோ.”

இயக்குநர் எழுந்து நின்றார். எழுந்து நின்றால் அவர் எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். மேற்பார்வை அம்மாள் குறிப்பேட்டைத் திறந்தார்.

“இருபத்திரண்டு ஆண்டுகளாக நாம் இந்தப் படத்தை மீட்டோம். மக்கள் பார்த்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு பதிப்பையும் ஆயிரம் பிரதிக்குள் நிறுத்தினோம். பார்க்கப் பார்க்கப் படம் தேயும். ஒவ்வொரு பதிப்பும் முந்தையதைப் பொய் என்று நிரூபித்தது. அந்த வகையில் நாம் ஐந்து முறை வென்றிருக்கிறோம். இன்று படமே நம்மிடம் பேசியிருக்கிறது. அது வேறு யாரிடமும் பேசவில்லை என்பதை வெளிநாட்டு நிலையங்கள் கவனிக்க வேண்டும்.”

“ஐயா,” என்றான் காது. “அது பிரெஞ்சு இல்லைங்க. தமிழ். ‘சே, தூசி’ன்னு சொல்றா.”

“யார் சொல்றா?”

“என் மனைவி.”

இயக்குநர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அன்பாகப் பேசினார்.

“தம்பி. முதல்ல, தூசி. இந்த நிலையத்துல தூசி கிடையாது. தூசி ஒழிப்புக் குழு போன வருஷமே ஒழிச்சு அறிக்கை கொடுத்தாச்சு. இல்லாததைப் பத்தி ஒருத்தர் எப்படிப் பேசுவாங்க?”

“மூணு வருஷத்துக்கு முன்னாடி சொன்னதுங்க.”

“இந்த நாடா இருபது நாள் முன்னாடி பதிவானது. பதிவேட்டுல இருக்கு. பழைய நாடாவுல பதிவு பண்ணினதா யாராவது சொல்றாங்களா?” அவர் மேற்பார்வை அம்மாளைப் பார்த்தார். அம்மாள் கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே மீட்டர் நின்றிருந்தார். தலையை வேகமாக ஆட்டினார், இல்லையென்று. “பாருங்க. இருபது நாள் முன்னாடி உங்க மனைவி, பாவம், உயிரோட இல்ல. எட்டு மாசம் முன்னாடி செத்தவங்க எப்படிப் பேச முடியும்? நூறு வருஷம் முன்னாடி செத்தவங்க பேசினா அது ஆவணம். எட்டு மாசம்னா அது மனப்பிரமை.”

“குரல் எனக்குத் தெரியுங்க.”

“உங்களுக்கு மௌனம்தான் தெரியணும். அதுக்குத்தான் சம்பளம்.” இயக்குநர் முள் வரைந்த தாளைப் பிரித்து வைத்தார். “இன்னொண்ணு. முள்ளு துள்ளியிருக்கு. நீங்க பொத்தானை அழுத்தல. ஏன்?”

காது சட்டைப்பையில் இருந்த படிவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“இதை ரெண்டு விதமாப் பாக்கலாம்,” என்றார் இயக்குநர். “ஒரு ஊழியர் சத்தத்தை மறைச்சார். அது விசாரணை. இல்லாட்டி, ஒரு ஊழியர் பிரெஞ்சு கேட்டுப் பரவசத்துல உறைஞ்சுபோனார். அது கண்டுபிடிப்பு. கண்டுபிடிச்சவர்ங்கிற இடத்துல உங்க பேர் வரும். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

வல்லுநர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். மெய் இறுதிப் பதிப்பு கைவிடப்பட்டது. ஏழாவது, பேசும் மௌனப் பதிப்பு. அறுபத்து நான்கு பக்கக் கையேடு. அந்த ஒரு வினாடிக்குத் தனி வட்டு, தனி உறை. நான்காவது ஒலித்தடமாக, அந்த ஒரு வினாடியை வாத்தியக் குழு வாசிக்கும்.

“மிச்ச நாடாவை என்ன பண்றது ஐயா?” என்றார் மேற்பார்வை அம்மாள்.

“முன்னாடி இருக்கறதுல ‘இல்ல’யைத் தேடணும், வெச்சுக்கங்க. பின்னாடி இருக்கறதை அழிச்சிடுங்க.”

“பின்னாடி எதாவது இருந்தா?” என்றான் காது. குரல் கிசுகிசுப்பைத் தாண்டிவிட்டது.

“எப்படி இருக்கும்? ‘அவ்வளவுதான்’னு அந்தம்மாவே சொல்லிட்டாங்களே,” என்றார் இயக்குநர். “அதுக்கப்புறம் ஒரு சத்தம் இருந்தாலும் அது இவங்களைப் பொய்யாக்கும். நாளைக்குப் பதினோரு மணிக்கு அழிக்கறோம். எல்லாரும் வரணும்.”

மாலை ஏழு மணிக்கு மாமியார் தொலைபேசியில் கூப்பிட்டார். செவ்வாய்தோறும் கூப்பிடுவார். என்ன சமைத்தான், சட்டை துவைத்தானா என்று கேட்டுவிட்டு, கடைசியில் அந்தக் கேள்விக்கு வருவார். அன்றும் வந்தார்.

“மாப்பிள்ளை, மறுபடி கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க. கடைசியா என்ன சொன்னா?”

“சொன்னேனேம்மா. உங்களைக் கேட்டா.”

“போன மாசம் தண்ணி கேட்டான்னு சொன்னீங்க.”

அவன் தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றினான்.

“எதுவானாலும் சொல்லுங்க,” என்றார் மாமியார். “எனக்கு ஆறுதலா ஒண்ணும் வேண்டாம். உங்களைத் திட்டியிருந்தாலும் சொல்லுங்க. அவ பேசினதா இருந்தாப் போதும். எனக்கும் வயசாச்சு, நீங்க பாட்டுக்கு அழகா ஒண்ணு செஞ்சு கொடுத்துட்டீங்கன்னா அதையே நம்பிட்டுப் போயிடுவேன்.”

“நாளைக்குச் சொல்றேம்மா.”

“இன்னைக்குத் தெரியாததா நாளைக்குத் தெரியப்போகுது?”

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். பிறகு பணிவிதிப் புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு விதிகள். பதினேழாவதில் விரலை வைத்தான்.

மறுநாள் எட்டரைக்கே இயக்குநரின் அறை வாசலில் நின்றான்.

“விதி பதினேழு ஐயா. ‘எந்த ஒலிநாடாவையும் அழிக்கும் முன், அதில் அழிப்பதற்கு எதுவும் இல்லை என்று நிசப்தச் சரிபார்ப்பாளர் முழுவதும் கேட்டுச் சான்றளிக்க வேண்டும்.’”

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதியைப் படித்தார். அவருக்கு முகம் மலர்ந்தது. விதியைப் படிக்கும்போது அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

“இதை யார் எழுதினது தெரியுமா? நான்தான்,” என்றார். “ஆனா விசாரணையில இருக்கறவர் சான்று கொடுக்க முடியாதே. கண்டுபிடிச்சவர் கொடுக்கலாம்.”

மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது. ‘நான் கேட்ட குரல் பிரெஞ்சு மொழியில் அமைந்தது என்றும், அது எனக்கு அறிமுகமானதன்று என்றும் உறுதி கூறுகிறேன்.’ கீழே கையெழுத்துக்குக் கோடு. காது அதை இரண்டு தரம் படித்தான். ‘அறிமுகமானதன்று’ என்ற இடத்தில் பேனா நின்றது. சாட்சியாக வல்லுநர் தோளைக் குலுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். சுவர்க்கடிகாரம் எட்டு நாற்பது காட்டியது. இரண்டு மணி எட்டு நிமிடம் வேண்டும். பதினொன்றுக்கு அழிக்கிறார்கள்.

கையெழுத்திட்டான்.

“நல்ல கையெழுத்து,” என்றார் இயக்குநர். “கையேட்டோட அட்டையிலயே போடலாம்.”

கேட்பு அறைக்கு நாடாவை இரும்புப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். இரண்டு சாவி, இரண்டு ஆள். மீட்டர்தான் இயந்திரத்தில் மாட்டினார்.

“எனக்குத் தைரியம் இல்லப்பா,” என்றார் நாடாவைப் பார்த்தபடியே.

“தெரியும்.”

“முடிவு அட்டைக்கு அப்புறமும் கொஞ்சம் ஓடும். நான் அன்னைக்கு உடனே நிறுத்தல. அது மட்டும் ஞாபகம் இருக்கு. முடிஞ்சிடுச்சுன்னு எடுத்துடாதே.”

கதவைப் பூட்டினார்கள். மேசையில் படிவம் தயாராக இருந்தது. முழுவதும் கேட்டேன். பெரிய இடைவெளி. எதுவும் கேட்கவில்லை.

அவன் கருவியை மாட்டிக்கொண்டான். தபால்காரர் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். இரண்டாவது வீடு. ஆறாவது வீடு. ஒரு நாய் சத்தமில்லாமல் குரைத்தது. இப்போது அந்த இரைச்சல் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு துளியிலும் ஏதோ ஒளிந்திருப்பது போலிருந்தது. மூச்சை இழுத்தால் கேட்காமல் போய்விடுமோ என்று அடக்கிக்கொண்டான். அடக்கினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் காதை மறைத்தது. ஒரு மணி நேரம். ஒன்றரை. அவளுடைய குரல் இருக்கும் இடம் நெருங்க நெருங்க, எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. நாற்காலியின் அடிப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மீட்டர் இரண்டு தரம் அழித்தவர். அங்கே ஒன்றுமே மிஞ்சியிருக்காவிட்டால், ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டு வெறும் நாடாவை வாங்கியிருக்கிறான்.

தபால்காரர் பாலத்துக்கு வந்தார்.

“சே, தூசி.” இருமல். இந்தத் தரம் கருவி காதிலேயே இருந்தது. “ஜன்னலைத் திறந்தா சத்தம், சாத்தினா தூசி. எப்படிங்க இங்க உக்கார்றீங்க நாள் பூரா?”

மீட்டரின் குரல் ஏதோ முனகியது. புரியவில்லை.

பிறகு ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தபால்காரர் கிழவராகியிருந்தார். கடைசி வீட்டுக் கதவு திறந்துகிடந்தது. எழுத்து அட்டை வந்தது. எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, அட்டையோடு சேர்ந்து அவள் படித்தாள். “‘கடிதம் சரியான வீட்டுக்கு வந்தது. வீட்டில் யாரும் இல்லை.’” தாள் புரளும் சத்தம். அவள் சிரித்தாள். “இதுக்கா ரெண்டு மணி நேரம் நடந்தாரு?”

முடிவு அட்டை விழுந்தது. திரை இருண்டது. கதவுக்கு வெளியே காலடிகள் கூடின. இயக்குநர் யாரிடமோ எழுத்துத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். பூட்டில் சாவி நுழைந்தது. காது கருவியின் இரண்டு பக்கத்தையும் கையால் அழுத்திக்கொண்டு மேசைமேல் குனிந்தான். நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சல். நாற்காலி நகரும் ஒலி. ஒலிவாங்கியை விட்டு எழுந்துபோய்விட்டிருந்தாள் போல. குரல் தள்ளி, அறையின் கோடியிலிருந்து வந்தது. மீட்டரிடம் சொல்கிறாள்.

“எங்க வீட்டுக்காரர் வெளிய நிக்கறாரான்னு பாருங்க. நின்னா, இன்னும் அஞ்சு நிமிஷம்னு சொல்லுங்க.”